வாப்பா வேண்டாமென்ற கவ்விகள்

சைகோனில் பிள்ளைப்பிராயம் கழித்த நம்மவர்களில் இன்னும் எத்தனை பேர் மிச்சமிருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. போன மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில் நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தோம். பேச்சு வழக்கம்போல டிராம், பள்ளிவாசல் ஹவுல் தொட்டி, சந்தை, மழை என்று சுற்றி வந்தது. மழை என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். உனக்கு மட்டும் அந்த மழை கசக்குமோ என்று கேலி செய்தீர்கள். கசக்கத்தான் செய்யும். ஏன் என்று சொல்ல அன்று பந்தியில் நேரமில்லை. இப்போது எழுதுகிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

எங்கள் கடை உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிவாசலை ஒட்டிய தெருவில், முன்பக்கம் ஜவுளி, பின்பக்கம் வாப்பாவின் மேசை. ஜவுளி குடும்பத் தொழில். மேசை வாப்பாவின் கிறுக்கு. ரேடியோவை அப்போது பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து நாமும் தே-எஸ்-எஃப் என்றுதான் சொல்வோம். அதைப் பிரித்துப் பழுது பார்க்க வாப்பா தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். துணிக்கஞ்சியின் வாசனையும் ஈயம் உருகும் வாசனையும் கலந்து வரும். மழை பிடித்துவிட்டால் பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்ணான அன்னமிக்காரம்மா அடுப்பில் கொதிக்கும் மீன்சாற்று வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் கொல்லன் ஈயம் காய்ச்சினால் எனக்கு மீன்சாறு மணக்கிறது.

அந்த மேசையில் வாப்பா ஜவுளிக்கடைப் பழக்கம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் ஒளு இல்லாமல் அளவுகோலைத் தொட மாட்டார்கள். தொழுகைக்குப் போவதுபோலக் கை, முகம், கால் கழுவிக்கொண்டுதான் துணி அளப்பார்கள். குறைத்து அளப்பதைப்போலப் பாவம் வேறில்லை என்ற பயம். ஒளு செய்த தண்ணீரைத் துண்டால் துடைப்பதும் எங்கள் வீட்டில் இல்லை. அது தானாகக் காய வேண்டும். துணி அளந்த கைகளுக்கு இதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வாப்பா அதே ஒழுங்கோடு தே-எஸ்-எஃப் சாமான்களையும் அளந்தார். கடைக்குப் பின்னால் முற்றத்தில் அவர் குந்தியிருக்க, என் லாத்தா கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். விரல் நுனியிலிருந்து சொட்டச் சொட்ட வந்து மேசையில் உட்காருவார்.

லாத்தா எனக்குப் பத்து வயது மூத்தவள். அவளை வாப்பாவின் தங்கை மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு மச்சான். காரைக்காலிலிருந்து வந்து எங்கள் கடையிலேயே இருந்தார். சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் கன்னம் குழியும். லாத்தா எதிரே வரும்போது அந்தக் குழி மட்டும் விழும், சிரிப்பு வெளியே வராது. நானும் நீங்களும் அதைச் சொல்லிச் சொல்லி அவளை அழ வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. உம்மா சரிகைத் துணிகளை எடுத்துத் தனியே வைக்கத் தொடங்கிவிட்டாள்.

மச்சானுக்குத் தந்த வேலை சீனர் பகுதியான சோலோன் போய்ச் சாமான் வாங்கிவருவது. அங்கே ஒரு சீனர் சின்னக் கடையில் ரெசிஸ்தான்ஸ் விற்றார். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சின்னக் குச்சி அது. நீளமான ஏலக்காய் போலிருக்கும், இரண்டு முனையிலும் மெல்லிய கம்பி வால். உடம்பில் பூசிய வர்ணத்தை வைத்து அது எவ்வளவு தடுக்கும் என்று படிக்க வேண்டும். பழுப்பு உடம்பு, கறுப்பு நுனி, பச்சைப் புள்ளி என்றால் பத்து லட்சம் ஓம். வர்ண அட்டவணையை வாப்பா வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

வர்ணத்தை மட்டும் நம்பிவிட வாப்பா என்ன பைத்தியமா? மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகுதான் எந்தச் சாமானும் தே-எஸ்-எஃப் பெட்டிக்குள் போகும். அதற்கு அவரிடம் அப்போது இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று மரப்பெட்டி மீட்டர். வீடுகளுக்கு விளக்குக் கம்பி இழுக்கிறவர்கள் வைத்திருந்தது. பித்தளைத் திருகுகள், சோம்பேறி முள்.

"இது கிடங்குத் தராசும்மா," என்பார். "இதுலே ஏலக்காய் நிறுக்க முடியாது."

இன்னொன்று உள்ளங்கை அளவு வட்ட மீட்டர், கண்ணாடி கீறியது. சின்னச் சாமானுக்கு அதைத்தான் எடுப்பார். ஆனால் இரண்டுக்கும் ஊசி ஒரே ஜோடிதான், மரப்பெட்டியோடு வந்தது. மரப்பிடி போட்ட தடித்த இரும்பு ஊசிகள். மெல்லிய வாலில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வாப்பா ஊசி முனையையும் கம்பி வாலையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிப்பார். வலக்கையில் ஒரு முனை, இடக்கையில் ஒரு முனை.

மச்சான் ஒருநாள் கேட்டார். "மாமா, அந்தச் சீனர் முதலைவாய் மாதிரி ரெண்டு கவ்வி வச்சிருக்கார். கடிச்சுக்கிட்டு நிக்குது. நாமளும் வாங்கிக்குவோமா? உங்களுக்கும் கை வலிக்காது."

"பல்லு வச்ச சாமான் வாலைக் காயப்படுத்தும்," என்றார் வாப்பா. "அல்லாஹ் கை குடுத்திருக்கையிலே கவ்வி எதுக்கு?"

நம் வீடுகளில் மாமனிடம் இரண்டாம் தடவை பேசுகிற வழக்கம் ஏது?

அந்த வருஷம் மழை கனத்துப் பெய்தது. சுவர்கள் வியர்த்தன. துணிக் கட்டுகளில் பூஞ்சை கட்டியது. தெருக்கோடி மருந்துக்கடைப் பிரெஞ்சு முசியேவின் தே-எஸ்-எஃப் வாய் அடைத்துப்போய் வாப்பாவிடம் வந்தது. அதற்குப் பத்து லட்சம் ரெசிஸ்தான்ஸ் வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய எண்ணை வாப்பா அதுவரை அளந்ததில்லை. மச்சான் டிராமில் சோலோன் போய், சின்னதும் பெரியதுமாக ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. லாத்தா உள்ளேயிருந்து துண்டை என் கையில் கொடுத்தனுப்பினாள்.

அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பா அளக்க உட்கார்ந்தார். அந்த மீட்டரில் முள் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவுக்குச் சாமான் தடுப்பது குறைவு என்று அர்த்தம். சின்ன எண் ரெசிஸ்தான்ஸ்கள் எல்லாம் சரியாக நின்றன. பத்து லட்சத்தை எடுத்தார். கொஞ்சம் எழுந்து நிற்க வேண்டிய முள் விறுவிறுவென்று ஓடியது. ஓடின இடத்திலும் நிலைகொள்ளாமல் ஆடியது. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. பத்து லட்சம் என்று பேர் போட்ட குச்சி ஒன்றுகூட ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

"எங்கே வாங்கினே?"

"அதே கடைதான் மாமா. சீனர் என் கண்ணு முன்னாடி வச்சுப் பார்த்துத்தான் குடுத்தாரு. சரியா காட்டுச்சு."

"அங்கே சரி, இங்கே தப்பு. அப்ப வழியிலே மாறிடுச்சா?"

வாப்பா கோபத்தில் அதைக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஆனால் கேட்டபின் அந்தக் கேள்வி மேசையிலேயே கிடந்தது. மலிவான சாமான்கள் எல்லாம் சரி, விலை கூடியவை மட்டும் தப்பு என்றால் என்ன நினைப்பார் ஒரு வியாபாரி? நல்லதை எங்கோ கொடுத்துவிட்டு வர்ணம் பூசிய குப்பையைக் கொண்டுவந்திருக்கிறான் என்றுதானே நினைப்பார்?

இந்த இடத்தில் வாப்பாவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் அவசரப்படவில்லை. மருமகனைச் சந்தேகிப்பதற்கு முன் மீட்டரைச் சந்தேகித்தார். மறுநாள் புதிதாக ஒளு செய்துகொண்டு மரப்பெட்டி மீட்டரில் வைத்துப் பார்த்தார். பத்து லட்சத்தை அளக்க அந்தச் சோம்பேறிக்குத் திராணி கிடையாது. முள் அசையவே கூடாது. ஒரு மயிரிழை அசைந்தது. வாப்பா குனிந்து பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். அசைந்தது, நானும் பார்த்தேன்.

அப்புறம் கப்பலில் தந்திக் கம்பி வேலை பார்க்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு மூன்றாவது மீட்டர் வாங்கிவந்தார். அடுத்த பயணம் வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தார் அவர். அது அழகான சாமான். முள்ளுக்குக் கீழே பிறைபோல ஒரு கண்ணாடிப் பட்டை. ஒற்றைக் கண்ணால் பார்த்து, முள்ளும் கண்ணாடியில் தெரியும் முள்ளும் ஒன்றாகும்போது எண்ணைப் படிக்க வேண்டும். பார்க்கிறவன் கோணல் அளவுக்குள் வராமலிருக்க அந்த ஏற்பாடு என்று வாப்பா விளக்கினார். எனக்கு அதில் என் கண்ணைப் பார்ப்பதுதான் பிடித்திருந்தது.

அந்த மீட்டர் வந்த அன்று உம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து நின்றாள். மச்சான் முன்கடையில் துணி மடிப்பதுபோல் மடித்ததையே மடித்துக்கொண்டிருந்தார். வாப்பா வழக்கத்தைவிட நிதானமாக ஒளு செய்தார். லாத்தா தண்ணீர் ஊற்றினாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவையாவது சரியாகக் காட்ட வேண்டும் என்று அவள் துஆ கேட்டிருப்பாள். கேட்டுக்கொண்டே அவர் கையில் நிறையத் தண்ணீர் ஊற்றினாள்.

முள் ஓடியது.

"மூணும் ஒண்ணையே சொல்லுது," என்றார் வாப்பா.

உம்மாதான் பேசினாள். "புள்ளை முகத்தைப் பாருங்களேன். பொய் சொல்ற முகமா அது?"

"முகத்தை அளக்க மீட்டர் இல்லே."

"அப்ப பெட்டியிலேதான் போட்டுப் பாருங்களேன். பாடுதா இல்லையான்னு தெரிஞ்சுபோகுது."

"தப்புன்னு தெரிஞ்சதை இன்னொருத்தன் பெட்டியிலே வைக்கச் சொல்றியா?"

உம்மாவின் யோசனைதான் சரி. பெட்டி பாடியிருக்கும், நிக்காஹ் நடந்திருக்கும். ஆனால் சுத்தத்துக்குப் பேர்போன மனிதரிடம் சந்தேகமான சாமானைத் தொடச் சொன்னால் தொடுவாரா? எல்லாவற்றையும் ஒரு பிஸ்கோத்துத் தகரத்தில் போட்டு மூடினார். முசியேவின் பெட்டியைப் பழுது பார்க்க முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மச்சானிடம் அவர் சத்தம் போடவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த நிக்காஹ் பேச்சை இத்தோட விட்டுடுவோம் தம்பி," என்றார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை அன்றுதான் தம்பி என்றார். மச்சான் எழுந்து ஸலாம் சொன்னார். இரண்டொரு நாளில் ஆற்றுக் கப்பலேறிக் கம்போடியாவிலுள்ள நொம்பென் போய்விட்டார். அங்கே நம் ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடையில் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. போகும்போது எனக்கு ஒரு இலந்தை மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தார். லாத்தா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை.

காரணத்தை வாப்பா யாரிடமும் சொல்லவில்லை. குடும்ப மானம், பிள்ளையின் மானம், இரண்டையும் மூடிக் காப்பதாக நினைத்தார். தெரு சும்மா இருக்குமா? அவன் வைப்பாட்டி வைத்திருந்தான் என்றார்கள், குடித்தான் என்றார்கள், பெண்ணிடம்தான் ஏதோ கோளாறு என்றார்கள். உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பார்கள். மறுக்காதீர்கள், நாம் எல்லாம் கதவிடுக்கில் காதை வைத்து வளர்ந்தவர்கள்தானே. லாத்தா வழக்கம்போலக் கெண்டியில் தண்ணீர் ஊற்றினாள், தைத்தாள், சமைத்தாள். அந்தச் சரிகைத் துணிகளை உம்மா திரும்பவும் கடை அலமாரியில் வைத்தபோது அவளே எடுத்துக் கொடுத்தாள்.

மழை ஓய்ந்து வெயில் காலம் வந்தது. ஒருநாள் வாப்பா ஈயம் வைக்கும் சூட்டுக்கோலைக் கவனமில்லாமல் காய்ந்த பக்கமாகப் பிடித்துவிட்டார். வலது உள்ளங்கையும் விரல்களும் கொப்பளித்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றிக் கட்டி, தண்ணீரே படக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் படக்கூடாத காயத்துக்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். மற்ற இடங்களைக் கழுவிவிட்டு, காயம்பட்ட கைக்காகச் சுத்தமான மண்ணைத் தட்டித் தடவிக்கொள்ளும் தயம்மும். லாத்தா முற்றத்து மண்ணைச் சலித்து ஒரு தட்டில் வைத்தாள்.

கை அப்படி இருந்தும் வாப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. வேறொருவர் கொண்டுவந்து கொடுத்த புது ரெசிஸ்தான்ஸ் ஒன்றை அளக்க உட்கார்ந்தார். அதுவும் பத்து லட்சம். துணி சுற்றிய விரல்களுக்கிடையே ஊசியையும் வாலையும் சேர்த்துப் பிடித்தார். முள் லேசாக எழுந்தது, சொல்லிவைத்த இடத்தில் நின்றது, ஆடவில்லை.

"இது நல்ல சாமான்," என்றார். அப்புறம் ஏதோ தோன்றி, "அந்தத் தகரத்தை எடும்மா," என்றார்.

நான் எடுத்துக் கொடுத்தேன். மச்சான் வாங்கிவந்த குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் முள் லேசாக எழுந்து, அதே இடத்தில் நின்றது. வாப்பா தன் வலக்கைக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடக்கையைப் பார்த்தார். அதில் ஒளுத் தண்ணீர் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"போய்க் கையை நனைச்சுட்டு வா," என்றார் என்னிடம்.

நனைத்துக்கொண்டு வந்தேன். "ரெண்டு கையாலயும் புடி. ஊசியும் வாலும் சேர்த்து." பிடித்தேன். முள் விறுவிறுவென்று ஓடி, அந்த மழைக்காலத்தில் ஆடியதுபோலவே ஆடியது. "இப்பத் துணி வச்சுப் புடி." ஒரு கைக்குத் துணி வைத்துப் பிடித்தேன். முள் பின்னால் வந்து நின்றது.

மின்சாரம் குச்சி வழியாக மட்டும் போகவில்லை. இறுக்கிப் பிடித்த ஈர விரல்கள் வழியாக, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு, உடம்புக்குள்ளேயும் போயிருக்கிறது. சின்ன எண் குச்சியில் அது தெரியாது. பத்து லட்சத்தில் தெரிந்துவிடும். மூன்று மீட்டரும் பொய் சொல்லவில்லை. குச்சியோடு வாப்பாவையும் சேர்த்து அளந்து சொல்லியிருக்கின்றன. எவ்வளவு சுத்தமாக அளக்க நினைத்தாரோ அவ்வளவுக்கு அளவு கெட்டது.

லாத்தா பின்னால் நின்றிருந்தாள். கையிலிருந்த கெண்டியைத் தரையில் வைத்தாள். "நான் ஊத்துன தண்ணியா வாப்பா?" என்று கேட்டாள்.

வாப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உன்மேலே குத்தமில்லேம்மா," என்றார்.

கைக்கட்டோடு ஆற்றுக் கப்பலேறி நொம்பென் போனார். உம்மா சரிகைத் துணிகளை மறுபடி அலமாரியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் படித்துறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மச்சானும் கூட வருவார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

வாப்பா தனியாக வந்தார். உம்மாவிடம் அவர் சொன்னதை லாத்தாவும் நானும் கேட்டோம். மச்சான் அவரை வரவேற்று, சாப்பாடு போட்டு, கட்டைப் பார்த்துவிட்டுத் தானே சோறு பிசைந்து கொடுத்திருக்கிறார். கடை முதலாளியின் மகளுக்கு அவரைப் பேசி முடித்துவிட்டார்களாம். வாக்குக் கொடுத்தாகிவிட்டதாம். வாப்பா மன்னிப்புக் கேட்டதும் அவர் சொன்னாராம்:

"சந்தேகப்பட்டதுக்கு எனக்கு வருத்தம் இல்லே மாமா. ஊரெல்லாம் தேடி மூணு மீட்டர் கொண்டாந்தீங்க. சோலோனுக்கு டிராம் ஏறி அந்தக் கடைக்கு என்கூட ஒரு தடவை வந்திருக்கலாம்."

வாப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. சொந்த மருமகன் சொன்னது சரியா என்று அந்நியனிடம் போய்க் கேட்பது கேவலம் என்று அந்த நாளில் நினைத்திருந்தார். அந்தக் கேவலத்துக்குப் பயந்து நிக்காஹையே முறித்துவிட்டார். நம் பெரியவர்கள் பலரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று இன்று எனக்குப் படுகிறது. கோபம் வருகிறது, உடனே அந்தக் கைக்கட்டும் நினைவுக்கு வருகிறது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு வாப்பா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து லாத்தாவின் முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு முதலைக் கவ்விகள், பித்தளையில், புதுக் கருக்கு மாறாமல். ரெசிஸ்தான்ஸ் பொட்டலத்தோடு அன்றைக்கே மச்சான் வாங்கியிருக்கிறார். மாமா வேண்டாமென்றதை எப்படி எடுத்துக் காட்டுவது என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

லாத்தா கவ்விகளை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தாள். அழவில்லை. மேசைக்குப் போய் ஊசிகளைக் கழற்றிவிட்டுக் கம்பிகளில் அவற்றை மாட்டினாள். தகரத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்துக் கவ்வ வைத்து, கையை எடுத்துவிட்டு முள்ளைப் பார்த்தாள்.

"பத்து லட்சம், வாப்பா," என்றாள்.

வாப்பா தலையசைத்தார். அதற்குப் பிறகு அந்த மேசையில் அளக்கிற வேலை அவளுடையது. காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறும்வரை அவள்தான் அளந்தாள். கண்ணாடி மீட்டரைக் கொடுத்த கப்பல்காரர் திரும்பி வரவேயில்லை. சண்டை வந்துவிட்டது. நாமெல்லாம் ஊரைவிட்டு வந்தபோது மீட்டர் அங்கேயே நின்றுவிட்டது. கவ்விகளை லாத்தா கொண்டுவந்துவிட்டாள். அவள் மௌத்தானபின் அவை என் தையல் பெட்டியில் இருக்கின்றன.

வாப்பா அதற்குப் பிறகும் ஒளுவோடுதான் மேசைக்கு வந்தார், அதை அவர் விடவில்லை. ஈரக்கையை மடியில் வைத்துக்கொண்டு, லாத்தாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வர்ணங்களை மட்டும் படிப்பார். அவள் எண்ணைச் சொல்வாள். அவள் சொன்னதை வாப்பா ஒருநாளும் திரும்ப அளந்து பார்த்ததில்லை.